பேர் லேக்கிலிருந்து எமரால்டு வரை: ராக்கி மலையில் முதல் ஏரி நடை

கொலராடோவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்கு எப்படியும் ஒரு நாள் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு நாளில் டிரெயில் ரிட்ஜ் ரோட்டில் காரை ஓட்டி, நாலு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, எல்க் மான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு டென்வருக்குத் திரும்பிவிடுகிறார்கள். மலைக்குள் ஒளிந்திருக்கும் பனியாற்று ஏரிகள் பக்கம் போவதில்லை. அதெல்லாம் பழகிய மலையேறிகளுக்கு என்று ஒரு நினைப்பு. ஆனால் பேர் லேக் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு மைலுக்குள் நான்கு ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. தினமும் கொஞ்சம் நடக்கிற பழக்கம் உள்ள யாரும் போய் வரலாம்.

புதிதாக வருகிறவர்கள் "எத்தனை மைல்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எவ்வளவு உயரத்தில் நடக்கப்போகிறோம் என்ற இரண்டும் அதைவிட முக்கியம். பாதி வழியில் திரும்புகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவது இந்த இரண்டுதான்.

எந்த ஏரி?

முதல் நடைக்கு என் பரிந்துரை பேர், நிம்ஃப், டிரீம், எமரால்டு என்று போகும் பாதை. பேர் லேக் காரிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரம். அங்கிருந்து நிம்ஃப் லேக் அரை மைல், டிரீம் லேக் 1.1 மைல், எமரால்டு லேக் 1.8 மைல். போய்த் திரும்ப மொத்தம் மூன்றரை மைல் சொச்சம். ஏற்றம் சுமார் 650 அடி. இந்தப் பாதையின் பெரிய வசதி, எந்த ஏரியில் வேண்டுமானாலும் "சரி, இன்றைக்கு இது போதும்" என்று திரும்பிவிடலாம். நிம்ஃபோடு திரும்பினாலும் ஒரு ஏரி பார்த்த நிறைவு இருக்கும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களையும் ஸ்ட்ரோலர் குழந்தைகளையும் ஸ்ப்ரேக் லேக்குக்கு அழைத்துப் போங்கள். சமதளம், சக்கர நாற்காலி போகும் பாதை, ஒரு சுற்று ஒரு மைலுக்கும் குறைவு, எதிரே மலைத்தொடர் முழுசாகத் தெரியும். அது பனியாறு உண்டாக்கிய ஏரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்னர் ஸ்ப்ரேக் என்பவர் தன் விடுதிக்கு வரும் விருந்தினர்கள் மீன் பிடிக்க ஓடையை மறித்துக் கட்டியது. பார்க்கிற கண்ணுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஏற்கெனவே நடந்து பழகியவர்கள் கிளேசியர் கோர்ஜ் என்ற தொடக்கத்திலிருந்து ஆல்பர்ட்டா அருவி வழியாக மில்ஸ் லேக் (2.8 மைல்) அல்லது லாக் என்ற ஏரி (3 மைல்) வரை போகலாம். இவை ஒருவழித் தூரம். லாக்கைத் தாண்டி ஸ்கை பான்டு ஏரிக்குப் போகும் வழியில் டிம்பர்லைன் அருவியின் ஓரமாக ஈரப் பாறையில் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். வீடியோவில் பார்க்க ஆசையாக இருக்கும். முதல் நாளைக்கு வேண்டாம்.

எப்போது போவது

மே மாதத்தில் எமரால்டு லேக் பெரும்பாலும் உறைந்துதான் கிடக்கும். ஜூன் நடுப்பகுதி வரைக்கும்கூட நிம்ஃபுக்கு மேலே பாதையில் இறுகிய பனி இருக்கும். வெறும் ஷூவோடு போனால் வழுக்கும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டஸ் பார்க் ஊரில் இதற்குக் கடைகள் உண்டு. உறைந்த ஏரியின் மேல் நடந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். வசந்தகாலத்து ஐஸ் எங்கே கனமாக இருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாதை காய்ந்திருக்கும், பூக்கள் இருக்கும், கூட்டமும் இருக்கும், பிற்பகலில் இடி மழையும் இருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் இரண்டாம் பாதிதான் அருமையான காலம். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக மாறும், இடி குறையும். எல்க் மான்கள் இணை தேடும் பருவமும் அதுதான். ஆண் மான்கள் ஊதுகிற குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆனால் காலைக் குளிர் கடுமையாக இருக்கும், திடீரென்று பனியும் விழலாம்.

பெர்மிட் வாங்குவது

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பூங்காவுக்குள் நுழைய நேரம் குறித்த முன்பதிவு வேண்டும் என்ற ஏற்பாடு சில ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. இதில் இரண்டு வகை. 'டைம்டு என்ட்ரி' என்பது பூங்காவின் மற்ற பகுதிகளுக்கு. 'டைம்டு என்ட்ரி பிளஸ் பேர் லேக் ரோடு' என்பதுதான் நமக்கு வேண்டியது. முதல் வகையை எடுத்துக்கொண்டு பேர் லேக் சாலைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுக்கிறவர்கள் நிறைய. பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

பதிவு செய்ய ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கணக்கு வேண்டும். கட்டணம் 2 டாலர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கொலராடோவின் நேரமான மலைப்பகுதி நேரப்படி காலை 8 மணிக்கு அடுத்த மாதத்துக்கான இடங்களைத் திறப்பார்கள். இந்தியாவிலிருந்து பதிவு செய்கிறவர்களுக்குக் கோடைக்காலத்தில் அது இரவு ஏழரை. பத்து நிமிடம் முன்னதாகவே உள்ளே நுழைந்து, அட்டை விவரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை இடங்களும் சனி ஞாயிறும் சீக்கிரம் காலியாகிவிடும். கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கொஞ்சம் இடங்களை ஒதுக்கி வைத்திருந்து, போகும் நாளுக்கு முந்தின மாலை 7 மணிக்குத் திறப்பார்கள்.

சீட்டில் இரண்டு மணி நேர இடைவெளி ஒன்று குறித்திருக்கும். அதற்குள் வாசலைக் கடந்தால் போதும், உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வாசல் பக்கம் போன் சிக்னலை நம்ப முடியாது; சீட்டை முதலிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2 டாலர் முன்பதிவுக்கு மட்டும்தான். நுழைவுக் கட்டணம் தனி. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்கு 2026 முதல் இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கான 250 டாலர் ஆண்டுச் சீட்டு இருந்தால் அந்த 100 டாலர் கிடையாது. கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் அந்த ஆண்டின் விதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முன்பதிவுத் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

உயரம் என்ன செய்யும்

டென்வர் 5,280 அடி. எஸ்டஸ் பார்க் 7,522 அடி. பேர் லேக் நடை தொடங்கும் இடம் 9,475 அடி, அதாவது கிட்டத்தட்ட 2,890 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆக, கார் கதவைத் திறந்து காலை வைக்கும்போதே தமிழ்நாட்டின் எந்த மலை உச்சியையும்விட உயரத்தில் நிற்கிறீர்கள். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். நன்றாக ஓடியாடுகிறவர்களுக்கும் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். உடம்பு சரியில்லையோ என்று பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான்.

ஹூஸ்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து இறங்கிய மறுநாளே ஏரிக்குக் கிளம்பாதீர்கள். முடிந்தால் ஒரு இரவு டென்வரில், ஒரு இரவு எஸ்டஸ் பார்க்கில் தங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முந்தின இரவு மதுவைத் தவிர்ப்பது நல்லது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

லேசான தலைவலி ஓய்வில் அடங்கிவிடும். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அதற்கு ஒரே மருந்து கீழே இறங்குவது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கால் மைல்தானே" என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இதய நோய், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமி இருக்கலாம். ஒரு மழை ஜாக்கெட், அதற்குள் போட ஒரு ஃப்ளீஸ் சட்டை. காலையில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இரண்டையும் விட்டுவிட்டு வராதீர்கள்; எமரால்டு கரையில் மலை இடுக்கிலிருந்து அடிக்கும் காற்று ஆகஸ்ட் மாதத்திலும் பல்லைக் கிட்டிவிடும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். விளையாட்டு உடுப்புத் துணி போதும், விலையுயர்ந்த பிராண்டு எதுவும் தேவையில்லை. பேர் லேக்கைச் சுற்றி வர அம்மாவுக்குப் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் தாராளமாகப் போதும். நிம்ஃபுக்கு மேலே கற்படிகள் வரும், அங்கே கொசுவம் தடுக்கும்.

உயரத்தில் வெயில் குறைவு என்று தோன்றும். சுடாது, ஆனால் தோல் எரிந்துவிடும். தொப்பி, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் சப்பாத்தி ரோலும் அருமையாகப் பொருந்தும். சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோனால் மேலே போகப் போக அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்குக் காற்றழுத்தத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஏரிக்கரையில் பையைத் திறந்ததும் சிப்மங்க் அணில்கள் காலடிக்கே வந்துவிடும். அவற்றுக்கு எதையும் போடாதீர்கள். சட்டப்படியும் குற்றம், அவற்றின் உடம்புக்கும் கேடு, கடியும் வாங்குவீர்கள். ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனால் உள்ளேயே இறங்கிவிடும்.

நடக்கும் நாள்

ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். அந்த நேரத்துக்குப் பாதையில் கால் வைக்கப் பாருங்கள். பேர் லேக் வண்டி நிறுத்துமிடம் அதிகாலையிலேயே நிறைந்துவிடும். இடம் இல்லையென்றால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காமல் கீழே இருக்கும் பார்க் அண்ட் ரைடில் காரை விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறுங்கள். ஏறும்போதே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்து வையுங்கள். கழிப்பறை தொடக்கத்தில்தான் இருக்கிறது, போய்விட்டுக் கிளம்புங்கள். வழியில் அவசரம் என்றால் பாதையையும் தண்ணீரையும் விட்டு 200 அடி தள்ளிப் போய், குழி தோண்டி மூட வேண்டும். பயன்படுத்திய காகிதத்தைப் பையில் கட்டி எடுத்து வர வேண்டும்.

நடையின் தொடக்கத்திலேயே பாதை பிரியும். நேரே பேர் லேக் கரை. இடப்பக்கம் நிம்ஃப், டிரீம், எமரால்டு என்று பலகை இருக்கும். பேர் லேக்கைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது. முதல் அரை மைல் ஒரே சீராக ஏறும். அகலமான பாதைதான், ஆனால் உடம்பு இன்னும் உயரத்துக்குப் பழகாததால் மொத்த நடையிலும் இதுவே கடினமாகத் தோன்றும். நிம்ஃப் சின்னக் குளம்தான். கோடையில் மேற்பரப்பு முழுக்க அல்லி இலைகள், நடுநடுவே உருண்டையான மஞ்சள் மொட்டுகள். இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். குழுவில் யாருக்குத் தலை வலிக்கிறது என்று கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

அதற்கு மேலே பாதை வளைந்து ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: 14,259 அடி லாங்ஸ் பீக் மரங்களுக்கு மேல் தெரியும். டிரீம் லேக்குக்குச் சற்று முன்னால் இன்னொரு பிரிவு, இடப்பக்கம் போவது ஹையாஹா லேக்குக்கு. நமக்கு நேரே.

டிரீம் லேக் நீளமாக, ஒடுக்கமாக மேற்கு நோக்கிக் கிடக்கும். கோடியில் இடப்பக்கம் ஹாலட் சிகரம், வலப்பக்கம் ஃபிளாட்டாப் மலை. ஏரியும் பள்ளத்தாக்கும் கிழக்கைப் பார்த்துத் திறந்திருப்பதால் விடியும்போது முதல் வெயில் நேராக ஹாலட்டின் பாறை முகத்தில் விழுந்து அதைச் செம்மஞ்சளாக்கும். காற்று கிளம்புவதற்கு முன் போனால் அது முழுசாகத் தண்ணீரில் தெரியும். படம் எடுக்கிறவர்கள் இருட்டிலேயே தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ஏறுவது இதற்காகத்தான். தெளிந்த தண்ணீரில் கரையோரமாகவே டிரவுட் மீன்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

டிரீமின் வடகரையோரமாகப் போய், டின்டால் ஓடையை ஒட்டிக் கற்படிகளில் ஏறினால் எமரால்டு. பாதை இங்கே முடிகிறது. சுமார் 10,100 அடி. மூன்று பக்கமும் பாறைச் சுவர், மேலே இடுக்கில் டின்டால் பனியாற்றின் மிச்சம். இந்தச் சுவரும் குழியும் உண்டானது பனியாற்றால்தான். பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த பனி மெதுவாகக் கீழே நகர்ந்தபோது பாறையைப் பெயர்த்துக் கிண்ணம் போன்ற குழிகளைத் தோண்டியது. பெயர்த்த கல்லையும் மண்ணையும் ஓரங்களில் கரைகளாகக் குவித்துவிட்டுப் போனது. பனி உருகியதும் குழிகளில் தண்ணீர் நின்றது. கீழே பேர் லேக்கைத் தேக்கி நிறுத்துவது அப்படிக் குவிந்த ஒரு கரைதான்.

கால் ஒத்துழைத்தால் திரும்பும் வழியில் ஹையாஹாவையும் சேர்த்துக்கொள்ளலாம், பிரிவிலிருந்து போய்வர இன்னும் இரண்டு மைல் ஆகும். 2022 ஜூன் மாதம் இதன் மேலே கேயாஸ் கேன்யனில் மலைச்சரிவு ஒன்று பெரிதாகச் சரிந்தது. அரைபட்ட பாறை மாவு தண்ணீரில் கலந்து, அதுவரை சாதாரணமாக இருந்த ஏரி பால் கலந்த பச்சைநீலமாக மாறிவிட்டது. மாவு அடியில் படியப் படிய நிறம் தெளிந்துவிடும், ஆகவே படத்தில் பார்த்த அதே நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏரியை நெருங்கும்போது பெரிய பாறைகள் மேல் தாவித் தாவித்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பதினொரு மணிக்கு வானத்தைப் பாருங்கள்

கோடையில் இங்கே வானிலைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை நீலம், பத்து, பதினொரு மணிவாக்கில் சிகரங்களுக்கு மேலே வெள்ளை மேகம் முளைக்கும், ஒரு மணிக்கு அதன் அடி கறுக்கும், அப்புறம் இடி. தினமும் தவறாமல் வரும் என்று இல்லை, ஆனால் வராது என்று நம்பி நடக்கக் கூடாது. ஆறு மணிக்கு ஏறியவர்கள் பத்தரைக்கெல்லாம் காருக்குத் திரும்பியிருப்பார்கள். பதினொரு மணிக்கு ஏறத் தொடங்குகிறவர்கள் எமரால்டு கரையில் இடியில் மாட்டுவார்கள்.

இடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்த நிமிடமே இறங்கத் தொடங்குங்கள். தண்ணீர் ஓரம், திறந்த பாறை, தனியாக நிற்கும் உயரமான மரம், பாறைக் குகை இவற்றில் ஒதுங்காதீர்கள். குழுவாக இருந்தால் இடைவெளி விட்டு நடங்கள். கார்தான் பத்திரம்.

விலங்குகளைப் பொறுத்தவரை கரடியை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். இங்கே இருப்பவை கறுப்புக் கரடிகள், பெரும்பாலும் ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். ஓடையோரப் புதர்களில் மேயும் மூஸ் என்ற பெரிய மானைப் பார்த்தால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அசையாமல் நிற்கிற மாதிரி நின்று திடீரென்று பாயும். மூஸுக்கும் கரடிக்கும் 120 அடி, எல்க்குக்கு 75 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. டிரோன் பறக்கவிட அனுமதி இல்லை, நாயைப் பாதையில் கூட்டிப் போக அனுமதி இல்லை, பேர் லேக்கில் இறங்கிக் குளிக்கவும் அனுமதி இல்லை. ஏறி வருகிறவர்களுக்கு இறங்குகிறவர்கள் வழி விடுவது வழக்கம். புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும் நம் ஆட்களிடம் ஒரு வார்த்தை: பாட்டு நல்ல பாட்டுதான், இயர்போனில் கேளுங்கள்.

பெர்மிட்டே கிடைக்கவில்லையா?

முன்பதிவு நடப்பில் இருக்கும் மாதங்களில் பேர் லேக் சாலைக்கு அது தேவைப்படும் நேரம் காலை 5 முதல் மாலை 6 வரை. அதற்கு முன்போ பின்போ போகிறவர்களுக்குச் சீட்டு தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஐந்து மணிக்கு முன் வாசலைத் தாண்டுவது தூக்கத்தைப் பொறுத்த விஷயம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மாலை ஆறு மணி சுலபம். ஜூன், ஜூலையில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், பகல் இடியும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், நிறுத்த இடமும் கிடைக்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் டிரீம் லேக்கில் அந்தக் காலை நிறம் இருக்காது. நிம்ஃப் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம் போடுங்கள். நன்றாக நடக்கிறவர்கள் டிரீம் வரை போகலாம். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பார்க் அண்ட் ரைடில் விடாமல் காரை மேலேயே நிறுத்துங்கள், அந்த நேரத்துக்குக் கடைசிப் பேருந்து போய்விடும்.